ஒன்பது புள்ளி

கொள்ளுப்பிட்டியில் ஆறாம் மாடி.
என் மேசைக்கு ஒரு கடல் உண்டு,
பாதிக் கடல்;
மீதியைப் புது ஹோட்டல் எடுத்துக்கொண்டது.

எங்கள் காப்புறுதிக் கம்பனியின் மின்னஞ்சல் விதிகள்
பத்துப் பக்கம்.
எழுத்து கலிப்ரி, அளவு பதினொன்று.
தடித்த எழுத்து தலைப்புக்கு மட்டும்.
சிவப்பு ஒருபோதும் கூடாது.
கையொப்பம் மும்மொழியில்:
சிங்களம் பன்னிரண்டு, ஆங்கிலம் பதினொன்று,
தமிழ் ஒன்பது.

ஏனென்று கேட்டேன், சேர்ந்த புதிதில்.
"உங்கட எழுத்து அகலம் மிஸ், ஒரு வரியில அடங்காது"
என்றான் வடிவமைக்கும் லசித்த, அரைத் தமிழில்,
உண்மையாகவே வருந்தி.
அவன் பொய் சொல்லவில்லை. அளந்து பார்த்தேன்.
பொறுப்பதிகாரி என்ற ஒரு சொல்லே
வரி கடந்து போய் லோகோவில் இடிக்கிறது.

செவ்வாய் காலை பத்தேகாலுக்கு
பொதுப் பெட்டியில் ஒரு மடல்.
தலைப்பில்லை.
உள்ளே ஆங்கில எழுத்துகள், அரைப்புள்ளிகள்,
சம்பந்தமில்லாத இடத்தில் ஒரு பெரிய எஃப்.
"வைரஸ், தொடாதே" என்றாள் ரிஸ்மியா.
"பூனை விசைப்பலகையில் நடந்திருக்கும்" என்றார் ஜயகொடி.
அழித்தார்கள்.
குப்பையிலிருந்து நான் எடுத்தேன்.

கண்ணால் வாசிக்கவில்லை.
மேசையில் விரல்களை வைத்து
மரத்தில் தட்டித் தட்டிப் பார்த்தேன்.
ஜி. எல். பெரிய எஃப்.
படகு.

பாமினி!
வவுனியாவில், இரண்டு மின்வெட்டுக்கு நடுவே
நான் தட்டச்சுப் பழகிய எழுத்துரு.
அதில் புள்ளி இருப்பது அரைப்புள்ளியில்,
வலக்கைச் சுண்டுவிரலுக்கு அடியில்.
எந்த மெய்யென்றாலும்
உயிரை எடுக்க அந்தச் சின்ன விரல்தான் போகவேண்டும்.
ஒருமுறை அது வீங்கியே போனது;
காரணம் சொன்னேன், டொக்டர் நம்பவில்லை.

விரல் தட்டத் தட்ட மடல் திறந்தது.
பேசாலை. மரியதாசன் பிலோமினா.
படகு தாழவில்லை, உடைந்தது.
இஞ்சின் மட்டும் கரையில்.
மூன்று கடிதம் போட்டாயிற்று.
ஆங்கிலத்தில் பதில் வந்தது,
ஆவணம் போதாதாம், ஃபாதர் வாசித்துச் சொன்னார்;
எந்த ஆவணமென்று ஃபாதருக்கும் விளங்கவில்லை.
கடைசியில் நன்றி.
அவசரத்தில் ஒரு புள்ளியை விட்டிருந்தாள்:
நனறி.
கொஞ்சம் நனைந்த மாதிரி.

பதில் எழுதினேன்.
பழைய கடிதத்திலிருந்து வெட்டி ஒட்டிய பந்தி
சாம்பல் நிறப் பின்னணியையும் கூட்டிக்கொண்டு வந்தது.
வடிவம் நீக்கு என்றேன். போனது.
கலிப்ரிக்குத் தமிழ் தெரியாது;
கணினி தானாகவே லதாவைக் கூப்பிட்டது,
அவள் வந்து கொஞ்சம் பருமனாய் நின்றாள்.
இங்கே நிற்பாள். பேசாலையில்?
எந்தக் கடையோ, எந்தக் காலத்துக் கணினியோ,
அங்கே எல்லாம் வெறும் பெட்டிகளாய் வரிசை கட்டினால்?

அதனால் இரண்டு தரம் எழுதினேன்.
மேலே யுனிகோட்டில்.
கீழே அதையே பாமினியில்,
அவளுடைய குப்பையைப் போன்ற குப்பையாய்.
அளவு பதினான்கு.
வேண்டிய மூன்று ஆவணங்களும் தடித்த எழுத்தில்,
கடைசித் திகதி சிவப்பில்.

கையொப்பம் தானாக விழுந்தது:
யோகமலர் சிவகடாட்சம்,
நட்டஈட்டுக் கோரல் உதவிப் பொறுப்பதிகாரி.
ஒன்பது.
பிடித்து இழுத்துப் பன்னிரண்டாக்கினேன்.
லோகோவில் இடித்தது.
இடிக்கட்டும்.
அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை மழை,
பாதிக் கடலும் இல்லை.
பிலோமினாவிடமிருந்து மடல்: மூன்று இணைப்புகள்,
உடலில் ஒரு சொல்லும் கிடையாது,
ஒரேயொரு அரைப்புள்ளி.
தவறி விழுந்ததா,
அன்றைக்கு விட்டதை இன்றைக்கு வைத்தாளா,
தெரியவில்லை.

"இதுவும் பூனையா?" ரிஸ்மியா எட்டிப் பார்த்தாள்.
முதல் இணைப்பைத் திறந்தேன்.
படம் சரிந்து வந்திருந்தது,
உடைந்த படகு நெட்டுக்குத்தாய் நின்றது.
திருப்பினேன்.